வெட்டுத் துணியை வீசி எறியலாமா?



தீபாவளிக்குத் தைத்த உடுப்புகளெல்லாம் துவைத்து மடித்து அலமாரிக்குள் போயிருக்கும். அவற்றைத் தைத்தபோது மிஞ்சிய வெட்டுத் துணிகள் எங்கே போயின? பெரும்பாலான வீடுகளில் தையல் மிஷினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் திணிக்கப்பட்டிருக்கும். பை நிறைந்ததும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். ரவிக்கை வெட்டியபின் கைப்பக்கத்திலும் கழுத்துப் பக்கத்திலும் மிஞ்சுகிற துண்டு, பஞ்சாபி உடையில் மிஞ்சுகிற முக்கோணத் துணி, பாஜு கூரோங் தைத்ததில் எஞ்சிய நீளப் பட்டை, பிள்ளையின் பள்ளிச் சீருடையில் மிச்சமான கருநீலத் துணி எல்லாமே காசு கொடுத்து வாங்கியவைதாமே? துணிக்கடைக்காரர் மீட்டர் கணக்குப் போட்டபோது இந்தத் துண்டுகளைக் கழித்துவிட்டா விலை சொன்னார்? இல்லையே!

அந்தத் துண்டுகளைக் கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்பதை இம்மாதம் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அதைப் பேசாமல் நான் பத்து யோசனை சொன்னாலும் நீங்கள் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டி விடுவீர்கள்.

ஒட்டுப் போட்டால் கேவலமா?

நம்மவரிடையே ஒட்டுப் போட்ட துணி என்றால் முகம் சுருங்கிவிடும். ஏன் என்பதும் நமக்குத் தெரியாததன்று. 1942ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை, ஜப்பான்காரன் காலத்தில், இந்நாட்டில் துணிக்குப் பெரும் பஞ்சம். தோட்டத்துச் சனங்கள் சாக்கைக் கிழித்து உடுத்திய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போர் முடிந்த பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. பால் வெட்டப் போகிறவரின் சட்டையில் கித்தாப் பால் தெறித்துக் காய்ந்தால், எந்தச் சவர்க்காரத்துக்கும் அந்தக் கறை அசையாது. முழங்கையில் கிழிந்தால் ஒரு ஒட்டு. அந்த ஒட்டும் கிழிந்தால் ஒட்டின் மேல் ஒட்டு. அப்படி வாழ்ந்தவர்கள், "என் பிள்ளை புதுத்துணிதான் கட்ட வேண்டும்" என்று நினைத்ததில் தவறே இல்லை.

ஆனால் அந்த நினைப்பு இன்று வேறு ஒரு வடிவம் எடுத்திருக்கிறது. வகுப்பறையில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு மாணவியின் புத்தகப் பை ஓரத்தில் கிழிந்திருந்தது. அவள் அம்மா அதே நிறத்துத் துணி வைத்துக் கையால் தைத்துக் கொடுத்திருந்தார். மிஷின் தையலோ என்று ஐயப்படும்படி அத்தனை நெருக்கமான, சீரான தையல். அந்தப் பிள்ளையோ பையைத் தூக்கும் போதெல்லாம் அந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்துக் கொண்டாள். ஒரு தாயின் கைத்திறனை மறைத்துக் கொள்ள வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை. பெரியவர்களாகிய நாம் பேசுகிற பேச்சிலிருந்துதான் அவள் அதைக் கற்றிருக்கிறாள்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று நம் முன்னோர் சொன்னார்கள். கந்தையைக் கண்டு வெட்கப்படு என்று அவர்கள் சொல்லவில்லை.

அலபாமாவிலும் ஒரு தோட்டம்

நம்மைப் போன்றே தோட்டத்தில் வளர்ந்த பெண்கள் சிலரின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து ஓடும் ஓரிடத்தில் கீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1816ஆம் ஆண்டில் ஜோசப் கீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். வேலை செய்தவர்கள் கறுப்பின அடிமைகள். 1845ஆம் ஆண்டில் தோட்டம் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அடிமைகளுக்கு முதலாளியின் பெயரே குடும்பப் பெயராயிற்று. இன்றும் அவ்வூரில் பலருக்குப் பெட்வே என்றுதான் பெயர்.

அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அவர்களின் சந்ததியார் அதே மண்ணில் ஏழைக் குடியானவர்களாகவே உழைத்தார்கள். பலகை வீடுகளின் இடுக்கில் குளிர்காற்று புகுந்தது. கம்பளி வாங்கக் காசில்லை. ஆகவே பெண்கள், முழங்கால் தேய்ந்த கால்சட்டை, நைந்த சட்டை, மாவுப் பை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டி இணைத்துப் போர்வை தைத்தார்கள். 1942ஆம் ஆண்டில் மிசூரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன தம் கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவருடைய நினைவாக அதைப் போர்த்திக் கொள்ள வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. இங்கே நம் பாட்டிமார் சாக்கை உடுத்திய அதே ஆண்டு அது என்பதைக் கவனியுங்கள்.

1966ஆம் ஆண்டில் அந்த வட்டாரத்துப் பெண்கள் கூட்டுறவு அமைத்துப் போர்வைகளை விற்கத் தொடங்கினார்கள். 2002ஆம் ஆண்டில் கீஸ் பெண்ட் போர்வைகள் ஹியூஸ்டன் நகரின் நுண்கலை அரும்பொருளகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அரும்பொருளகத்திலும் ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டப்பட்டன. 2006ஆம் ஆண்டில் அமெரிக்கத் தபால் துறை அவற்றின் படங்களைப் போட்டுப் பத்துத் தபால்தலைகள் வெளியிட்டது. குளிருக்குப் பயந்து கந்தையில் தைத்ததை உலகம் கலை என்று ஏற்றுக் கொண்டது. தைத்தவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். தோட்டத்துப் பெண்கள்தாம்.

மலாக்காவும் துணியும்

நம் மலாக்காவுக்கும் துணிக்கும் உள்ள உறவு அதைவிடப் பழமையானது. கித்தா மரம் வருவதற்கு முன்பே, போர்த்துகீசியர் 1511ஆம் ஆண்டில் இவ்வூரைப் பிடிப்பதற்கும் முன்பே, சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பல் கப்பலாகத் துணி வந்து இறங்கிய துறைமுகம் இது. 1512 முதல் 1515 வரை இங்கு இருந்த தோமே பிரேஸ் என்னும் போர்த்துகீசியர் அந்த வாணிபத்தைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

அதற்குச் சான்று உங்கள் வீட்டுக் கொடியிலேயே தொங்குகிறது. நாம் கைலி என்கிறோமே, அதை மலாய்க்காரர்கள் "காயின் பெலிக்காட்" என்பார்கள். பெலிக்காட் என்றால் என்ன? சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் பழவேற்காடுதான்! அங்கிருந்து வந்த கட்டம் போட்ட துணிக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. மலாய் மொழியில் துண்டுத் துணிக்குக் "காயின் பெர்ச்சா" என்று பெயர். பெர்ச்சா துண்டுகளை இணைத்து விரிப்பும் தலையணை உறையும் தைப்பது மலாய்ப் பெண்களிடமும் நெடுங்காலமாக உள்ள வழக்கம்.

துண்டு துண்டாக வெட்டி வேறு துணியின் மேல் வைத்துத் தைக்கும் வேலை நமக்கும் புதிதன்று. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்கு ரதம் போவதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்களில் உருளை உருளையாகத் தொங்குமே, அந்தத் தொம்பைகள் முழுக்க இந்தக் கைவேலைதான். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அதே சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத் தையல் போட்டுக் "காந்தா" என்ற போர்வை செய்கிறார்கள். சாமிக்குச் சாத்துகிற அலங்காரமே துண்டுத் துணியில் ஆகும்போது, நம் வீட்டுக்கு ஆகாதா?

முதலில் பிரித்து வையுங்கள்

பையைத் தரையில் கொட்டுங்கள். உள்ளங்கை அளவுக்குக் குறைந்த துண்டுகளைத் தனியே ஒதுக்குங்கள். அவை தலையணைக்கும் பொம்மைக்கும் உள்ளே திணிக்க உதவும். மற்றவற்றைப் பருத்தி, பட்டு, பாலியஸ்டர் என்று மூன்றாகப் பிரியுங்கள்.

எது பருத்தி என்று தெரியவில்லையா? துணியிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துத் தீயில் காட்டுங்கள். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாடை வரும். சாம்பல் மிருதுவாக உதிரும். பட்டு முடி கருகிய வாடை வீசும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணி போல நிற்கும். இந்தச் சோதனையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும் என்று கேட்கலாம். அடுப்பில் பாத்திரம் பிடிக்கும் துணியைப் பாலியஸ்டரில் தைத்தால், சூட்டில் அது உருகிக் கையில் ஒட்டிக் கொள்ளும். உருகி ஒட்டிய துணியால் வரும் தீப்புண் மிகக் கொடியது. பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக அதை அடுப்படிக்குக் கொண்டு போகாதீர்கள்.

புதுப் பருத்தித் துண்டுகளைத் தைப்பதற்கு முன் ஒருமுறை துவைத்து இஸ்திரி போடுங்கள். சுருங்குகிறது முன்பே சுருங்கிவிடட்டும். பத்தேக் போன்ற அடர்ந்த நிறத் துணியை ஈரமாக்கி வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் வெளிர் நிறத்தோடு அதைச் சேர்க்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறோம். கடையில் வாங்கிய துணிக்கு அது உறுதியான காப்பு ஆகாது. இரண்டு மூன்று முறை தனியாகத் துவைப்பதே நல்லது.

இனி வேலையைத் தொடங்குவோம்.

பிடிதுணி

எட்டு அங்குலச் சதுரமாக இரண்டு பருத்தித் துண்டுகள் வெட்டுங்கள். அதே அளவில் பழைய குளியல் துண்டிலிருந்து மூன்று அடுக்கு வெட்டி, நடுவில் வைத்துக் குண்டூசி குத்துங்கள். முதலில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தையல் போட்டால் அடுக்குகள் நகராது. பிறகு ஓரத்தைச் சுற்றி ஒன்றரை அங்குலக் கிராஸ் துணியால் பைப்பிங் கட்டுங்கள். ஒரு மூலையில் மாட்டுவதற்குக் காது வையுங்கள். காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தால் பகல் சமையலுக்குள் இரண்டு தைத்துவிடலாம். ஒன்றை மறவாதீர்கள். பிடிதுணி ஈரமாக இருக்கும்போது சூடான பாத்திரத்தைத் தொடக் கூடாது. ஈரம் சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

பென்சில் பை

பள்ளிச் சீருடையில் எஞ்சிய கருநீலத் துணி இதற்கென்றே பிறந்தது. அழுக்கு தெரியாது, நன்றாக உழைக்கும். 9 அங்குல அகலம், 10 அங்குல நீளத்தில் ஒரு துண்டும், அதே அளவில் லைனிங் துணியும், 8 அங்குல ஜிப்பும் போதும். இரு நுனிகளிலும் ஜிப்பை வைத்துத் தைத்து, உட்புறம் வெளியே வரும்படி மடித்து, இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். தைக்கும்போது ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் திருப்ப முடியாது! முன்பக்கத்தில் பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தை வண்ணத் துணியில் வெட்டி, விளிம்பைக் காஜா தையலால் பொருத்துங்கள். அந்த எழுத்து தமிழ் எழுத்தாக இருக்கட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதையே கற்றுக் கொடுக்கலாம். பையன்களுக்கும் கற்றுக் கொடுங்கள். பொத்தான் அறுந்தால் ஊசியில் நூல் கோக்கத் தெரியாத ஆண்பிள்ளை, நாளைக்கு விடுதியில் தங்கிப் படிக்கும்போது திண்டாடுவான்.

தாம்பூலப் பை

கல்யாணம், வளைகாப்பு, காது குத்து என்று வீட்டு விசேஷங்களுக்குக் கடைப் பை வாங்குகிறோம். பழைய சேலை ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது ஏறத்தாழ 216 அங்குலம். அகலம் 44 அங்குலம். ஒரு பைக்கு 8 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் உள்ள துண்டு வேண்டும். சேலையின் அகலத்தில் இரண்டு, நீளத்தில் 27, ஆக 54 துண்டுகள்! நைந்த இடங்களைக் கழித்தாலும் நாற்பது பை நிச்சயம்.

துண்டை இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தையுங்கள். வாயோரத்தில் ஒன்றரை அங்குலம் மடித்துக் கயிறு நுழைய வழி விடுங்கள். கயிற்றைச் சேலைக் கரையிலேயே தைத்துக் கொள்ளலாம். வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம் வைக்க இந்த அளவு போதும். தேங்காயும் வைப்பதானால் 10க்கு 26 அங்குலமாக வெட்டுங்கள். சரிகைச் சேலையானால் பை பார்க்கவே மங்களமாக இருக்கும். வாங்கிப் போனவர்கள் தூக்கி எறிய மாட்டார்கள்.

மிதியடி

பழைய டீசட்டைகள் ஏழெட்டு எடுத்துக் கொள்ளுங்கள். அக்குளுக்குக் கீழே உள்ள பகுதியைச் சுற்றிச் சுற்றி இரண்டு அங்குல அகலத்தில் ஒரே நீளப் பட்டையாக வெட்டி, இழுத்து விடுங்கள். ஓரம் தானாகச் சுருண்டு கொள்ளும், பிசிறு வராது. மூன்று பட்டைகளை எடுத்து, கூந்தல் பின்னுவது போலவே பின்னிக் கொண்டு போங்கள். நீண்ட பின்னலை வட்டமாகச் சுற்றி, பக்கத்துக்குப் பக்கம் கெட்டி நூலால் தையுங்கள். சுற்றும்போது இழுத்துப் பிடித்தால் மிதியடி கிண்ணம் போலக் குழிந்துவிடும். தளர்வாக, தரையில் வைத்தே சுற்றுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அடியில் வழுக்காத கித்தா வலை போடாமல் விரிக்காதீர்கள். சிமெண்டுத் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டு எழுவது கடினம்.

சதுரம் சேர்த்த போர்வை

இதுதான் பெரிய வேலை. பருத்தித் துணியில் 5 அங்குலச் சதுரங்கள் 80 வெட்டுங்கள். அட்டையில் ஒரு அளவு வெட்டி வைத்துக் கொண்டால் எல்லாம் ஒன்றுபோல வரும். எட்டெட்டாகப் பத்து வரிசை தைத்து, பின்னர் வரிசைகளை இணையுங்கள். இணைப்பில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விடுங்கள். அப்படிச் செய்தால் 36க்கு 45 அங்குலப் போர்வை கிடைக்கும். ஒவ்வொரு வரிசையையும் இஸ்திரி போட்ட பிறகே அடுத்ததற்குப் போங்கள். அடியில் மெல்லிய பழைய பருத்திச் சேலையை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து, முழுவதும் ஓட்டுத் தையல் போட்டு, ஓரம் கட்டுங்கள்.

பேரக் குழந்தையைத் தரையில் போட்டு விளையாட்டுக் காட்ட இதைப் போன்ற விரிப்பு வேறில்லை. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும்போது இதை மேலே போர்த்தவோ தொட்டிலுக்குள் விட்டு வைக்கவோ வேண்டாம். முகத்தை மூடினால் அதற்கு விலக்கத் தெரியாது. அதேபோல, துணிப் பொம்மை செய்தால் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பொத்தானைக் கண்ணாக வைக்காதீர்கள். பிய்த்து வாயில் போட்டுக் கொள்ளும். நூலால் கண் தைத்து விடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்காக

இந்தப் பகுதியை ஆண் வாசகர்கள் தாண்டிப் போக வேண்டாம். மகள் இருக்கிற தகப்பனும் தெரிந்து கொள்ள வேண்டியதே. மாதவிலக்கு நாள்களில் கடைப் பஞ்சு வாங்கக் காசு போதாமல், பள்ளிக்கு வராமல் இருந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. இந்தியாவில் அன்சு குப்தா 1999ஆம் ஆண்டில் தொடங்கிய "கூஞ்ச்" என்னும் அமைப்பு, மக்கள் கழித்துப் போட்ட பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, கிராமத்துப் பெண்களுக்கு மாதவிலக்குத் துணிகளாகத் தைத்துத் தருகிறது. 2015ஆம் ஆண்டில் குப்தாவுக்கு ரமோன் மக்சைசாய் விருது கிடைத்தது. வீட்டுக்கு வீடு கிடக்கும் கந்தல் ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கும் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

நீங்களும் தைக்கலாம். துவைத்துத் துவைத்து மிருதுவான பருத்தி மட்டுமே வேண்டும். உள்ளே நாலைந்து அடுக்கு வைத்துத் தைத்து, இருபுறமும் இறக்கை விட்டு அமுக்குப் பொத்தான் வையுங்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பின் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். வெட்கப்பட்டு மற்ற துணிக்கு அடியில் மறைத்துக் காய வைத்தால் ஈரம் நின்று கிருமி வளரும், நோயும் வரும். மழைக்காலத்தில் இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்குங்கள். அம்மா கூச்சமில்லாமல் பேசினால் மகள் கூச்சமில்லாமல் பள்ளிக்கு வருவாள்.

ஒட்டுப் போடவும் ஒரு முறை உண்டு

கிழிசலை விட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் பெரிதாகத் துண்டு வெட்டுங்கள். கனம் ஒத்த துணியாக இருக்கட்டும். மெல்லிய துணியில் கனத்த ஒட்டுப் போட்டால் ஓரத்தில் மறுபடி கிழியும். நூலோட்டம் இரண்டிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஓரத்தை உள்ளே மடித்து ஹெம்மிங் போடுங்கள். நிறம் பொருந்தவில்லையா? மறைக்கப் பார்க்காதீர்கள். துண்டை மாங்காயாகவோ இலையாகவோ பூவாகவோ வெட்டி, சங்கிலித் தையலில் பளிச்சென்று தைத்து விடுங்கள். பார்த்தவர்கள், "எங்கே வாங்கினாய்?" என்று கேட்பார்கள்.

கைக்காசும் வரும்

மலாக்கா பட்டணத்தில் ஜாலான் பெண்டஹாரா பக்கத்திலோ, ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானாவிலோ உங்களுக்குத் தெரிந்த தையற்கடைக்காரர் இருந்தால் வெட்டுத் துணியைக் கேட்டுப் பாருங்கள். பண்டிகைக்கு முந்திய மாதத்தில் மூட்டை மூட்டையாகச் சேரும். அவருக்கும் இடம் ஒழியும். நம் மாநிலத்தில் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்ற சட்டம் 2015 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது நினைவிருக்கும். பாலியஸ்டர் துணி மண்ணில் எளிதில் மக்காது. நாம் தைக்கிற ஒவ்வொரு பையும் குப்பைமேட்டுக்குப் போகாத ஒரு துண்டு.

தைத்ததை விற்கப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. "துணி சும்மாதானே கிடைத்தது" என்று மூன்று வெள்ளிக்குப் பென்சில் பையைக் கொடுத்து விடாதீர்கள். 2025ஆம் ஆண்டில் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மணிக்கு 8 வெள்ளி 72 காசு என்று சட்டமே கணக்குச் சொல்கிறது. ஒரு பை தைக்க அரைமணி ஆனால் உங்கள் கைக்கூலி மட்டும் நான்கு வெள்ளிக்கு மேல். அதன் மேல் ஜிப், நூல், லைனிங், மின்சாரம் என்று கூட்டுங்கள். துணி சும்மா கிடைத்திருக்கலாம். உங்கள் நேரமும் கண்பார்வையும் சும்மா கிடைத்தவை அல்ல. வீட்டிலிருந்து செய்கிற வேலைக்குக் கூலியே இல்லை என்று நாமே நினைத்தால், வாங்குகிறவர்கள் எப்படிக் கொடுப்பார்கள்?

கடைசியாக ஒன்று. தோட்டங்கள் பல கைமாறி, வீடமைப்புத் திட்டங்களாகி, நம்மவர் தாமான்களுக்குக் குடி பெயர்ந்துவிட்டார்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழந்துணி மூட்டைதான். உங்கள் வீட்டில் இன்னும் ஒரு தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பாட்டி தலையில் கட்டிக் காட்டுக்குப் போன துண்டு, தாத்தாவின் கைலி, அம்மா ஆயக்கொட்டகையில் உங்களை விட்டுப் போனபோது போர்த்திய சீட்டிப் புடவை ஏதாவது ஒன்று அடியில் கிடக்கும். கித்தாக்கறை போகவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கறையோடு சேர்த்தே ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டிப் போர்வையின் நடுவில் வையுங்கள். பிள்ளைகள், "இது என்ன கறை?" என்று கேட்பார்கள். அப்போது சொல்லுங்கள், அவர்கள் படிப்பதற்கு யார் பால் வெட்டினார்கள் என்று.

அடுத்த மாதம் பழைய ஜீன்ஸ் துணியில் கடைக்குக் கொண்டு போகும் பை தைப்பது எப்படி என்று பார்ப்போம். அதுவரை ஊசியும் நூலும் உங்கள் கையில் இருக்கட்டும்.